பூட்டிய வீடு காலி வீடு ஆகாது

சாதிவாரிக் கணக்கெடுப்பு நடத்தப்படும் என்று 2025 ஏப்ரல் 30 அன்று ஒன்றிய அமைச்சரவை அறிவித்த நாளிலிருந்து நம்முடைய விவாதமெல்லாம் சில கேள்விகளைச் சுற்றியே ஓடுகிறது. சாதியை எப்படிக் கேட்பார்கள்? எப்படிப் பதிவார்கள்? எண்களை மறைக்காமல் வெளியிடுவார்களா? தேவையான கேள்விகள்தான். ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது. அதை நம்மிடம் யாரும் கேட்கப் போவதில்லை. கணக்கெடுப்பாளர் வாசலில் நின்று தனக்குத்தானே கேட்டு, பதிலையும் தானே எழுதிக்கொள்ளும் கேள்வி அது: இந்த வீட்டில் ஆள் குடியிருக்கிறார்களா, இல்லையா?

இந்தக் கேள்விக்குத் தவறான விடை எழுதப்பட்டால், அந்த வாசலுக்குப் பின்னால் வாழும் குடும்பத்திடம் சாதியைக் கேட்கும் சந்தர்ப்பமே வராமல் போகலாம். சாதிவாரிக் கணக்கெடுப்புக்காகப் பல பத்தாண்டுகள் குரல் கொடுத்த இயக்கங்கள் இந்தச் சின்னக் கட்டத்தை இன்னும் போதிய கவனத்தோடு பார்க்கவில்லை என்பதுதான் நமது கவலை.

ஒரு குறியீட்டில் என்ன இருக்கிறது?

இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இரண்டு கட்டங்களாக நடக்கிறது. முதல் கட்டம் வீட்டுப் பட்டியல் தயாரிப்பு. 2026 ஏப்ரல் முதல் செப்டம்பருக்குள் ஒவ்வொரு மாநிலமும் 30 நாட்களை ஒதுக்கி இதை முடிக்க வேண்டும். இரண்டாம் கட்டம் 2027 பிப்ரவரியில் ஆட்களை எண்ணுவது. சாதி விவரம் கேட்கப்படுவது இந்த இரண்டாம் கட்டத்தில்தான்.

முதல் கட்டத்தில் கணக்கெடுப்பாளர் ஒவ்வொரு கட்டடத்துக்கும், அதற்குள் தனி வாசல் உள்ள ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் எண் கொடுக்கிறார். பிறகு அது எதற்குப் பயன்படுகிறது என்று குறிக்கிறார். குடியிருப்பா, கடையா, பள்ளியா, கோயிலா, தொழிற்கூடமா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வகை உண்டு. யாரும் வசிக்கவில்லை, வேறெதற்கும் பயன்படவும் இல்லை என்றால் 'காலி'. ஆட்கள் குடியிருக்கிறார்கள், ஆனால் போன நேரத்தில் பூட்டியிருந்தது என்றால் அது வேறு வகை. 2011 கணக்கெடுப்பின் வீட்டு அட்டவணைகளிலேயே 'காலி' தனியாகவும், 'பயன்பாட்டில் உள்ள, பூட்டிய வீடு' தனியாகவும் பத்தி பிரித்துக் காட்டப்பட்டிருக்கின்றன. ஆக, விதிப்படி இரண்டும் ஒன்றல்ல.

வாசலில் நிற்பவருக்கு ஆனால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். கதவு சாத்தியிருக்கிறது, பூட்டு தொங்குகிறது, கூப்பிட்டால் பதில் இல்லை. 'காலி' என்று எழுதிவிட்டால் வேலை அத்தோடு முடிந்தது. குடும்பத் தலைவர் பெயர், எத்தனை பேர், பட்டியல் சாதியா பழங்குடியா, குடிநீர் எங்கிருந்து, கழிப்பறை உண்டா என்ற கேள்விகள் எதுவும் அந்த வரிசையில் வராது. 'பூட்டியது' என்று எழுதினால் மறுபடி வர வேண்டும். ஒருவருக்கு ஏறத்தாழ 600 முதல் 800 பேர் வசிக்கும் பகுதி ஒதுக்கப்படுகிறது. பள்ளி வேலையும் பார்த்துக்கொண்டு இதையும் முடிக்க வேண்டிய ஆசிரியருக்கு எந்தக் குறியீடு எளிது என்று சொல்லத் தேவையில்லை.

'இரண்டாம் கட்டத்தில் எல்லா வீட்டுக்கும் மறுபடி போவார்களே, அப்போது சரியாகிவிடாதா?' என்று கேட்கலாம். போக வேண்டும் என்பதுதான் விதி. ஆனால் கையில் உள்ள பட்டியலில் ஏற்கெனவே 'காலி' என்று இருக்கும் கதவை எத்தனை முறை தட்டுவார்கள்? பட்டியலில் கடை என்று இருக்கும் இடத்தின் பரணில் நான்கு பேர் உறங்குகிறார்களா என்று எத்தனை பேர் கேட்பார்கள்? முதல் கட்டத்துப் பிழை இரண்டாம் கட்டத்துக்கு வழிகாட்டியாக மாறிவிடுகிறது.

பக்கத்து வீடு யாருடையது?

பூட்டிய வீட்டைப் பற்றித் தெரிந்துகொள்ளக் கணக்கெடுப்பாளருக்கு இருக்கும் வழி ஒன்றுதான். பக்கத்தில் கேட்பது. உலகமெங்கும் கணக்கெடுப்புகளில் இதுதான் நடைமுறை. நம் நாட்டில் இந்த நடைமுறைக்குள் சாதி எப்படி நுழைகிறது என்று பார்க்க வேண்டும்.

நம் கிராமங்கள் ஊர் என்றும் சேரி என்றும் பிரிந்து கிடக்கின்றன. காலனிக்குள் ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்காமல், அதன் முனையில் நின்று யாராவது ஒருவரைக் கூப்பிட்டுத் 'தெரு' முழுவதையும் விசாரித்து எழுதிப் போகும் அரசு ஊழியர்களை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். வீட்டுக்குள் வந்து உட்காராமல், கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல், வெயிலைக் காரணம் காட்டி நகர்பவர்களையும் பார்த்திருக்கிறோம். தகவல் ஊர்ப் பெரிய மனிதரிடமிருந்து வந்தால் நிலைமை இன்னும் மோசம். 'அவனுங்க எல்லாம் சூளைக்குப் போயிட்டானுங்க, எப்ப வருவானுங்கன்னு யாருக்குத் தெரியும்' என்ற ஒரு வாக்கியத்தில் பத்து வீடுகள் காலியாகிவிடும். சொன்னவர் பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்க மாட்டார். அந்த வீடுகளில் வாழ்பவர்களைப் பற்றி அவருக்கு அக்கறை இல்லை என்பதே போதும்.

நகரத்தில் பக்கத்து வீட்டுக்காரரின் இடத்தை வீட்டு உரிமையாளர் எடுத்துக்கொள்கிறார். மொட்டை மாடியில் தகரக் கூரை போட்ட அறையில் மூன்று பேரை வாடகைக்கு வைத்திருப்பவர், சொத்து வரிக்கும் மின் கட்டணத்துக்கும் பயந்து 'மேலே சாமான் போட்டு வைத்திருக்கிறோம்' என்று சொல்லிவிடுவது எளிது. சாதி கேட்டு வீடு மறுக்கப்பட்டு, கடைசியில் அப்படி ஒரு அறையில் ஒதுங்கியவர்கள் நம் வாசகர்களிலேயே இருப்பார்கள். அவர்கள் வசிப்பதைச் சொல்ல வேண்டிய வாய் அவர்களுடையதாக இல்லை.

அமெரிக்கா 1970இல் கற்ற பாடம்

இதெல்லாம் ஊகம் என்று ஒதுக்குபவர்கள் அமெரிக்காவைப் பார்க்கலாம். 1970 கணக்கெடுப்பில் களப்பணியாளர்கள் 'காலி' என்று குறித்த வீடுகளில் ஒரு மாதிரியை எடுத்து, அந்நாட்டுக் கணக்கெடுப்புத் துறையே மறுபடி ஆள் அனுப்பிச் சோதித்தது. காலி என்று எழுதப்பட்டவற்றில் 11 விழுக்காட்டுக்கும் மேலானவற்றில் உண்மையில் ஆட்கள் குடியிருந்தார்கள். அந்த விகிதத்தைக் கொண்டு 10 லட்சத்துக்கும் அதிகமான மக்களை மொத்தக் கணக்கில் பின்னர் சேர்த்தார்கள். ஒரே ஒரு குறியீட்டின் பிழையால் ஒரு பெருநகரத்தின் அளவுக்கு மனிதர்கள் காணாமல் போயிருந்தார்கள். அடுத்து வந்த கணக்கெடுப்புகளில் 'காலி' என்று ஒருவர் எழுதியதை இன்னொருவர் நேரில் போய்ச் சரிபார்ப்பது அங்கே வழக்கமான வேலையாகிவிட்டது.

அத்தனை சரிபார்ப்புக்குப் பிறகும் அங்கே விடுபடுவது யார்? 2020 கணக்கெடுப்பைப் பற்றி அத்துறையே நடத்திய ஆய்வின்படி, கறுப்பின மக்கள் 3.3 விழுக்காடும், ஹிஸ்பானியர்கள் 5 விழுக்காடு அளவுக்கும், ஒதுக்கப்பட்ட நிலங்களில் வாழும் பூர்வகுடிகள் 5.6 விழுக்காடும் குறைவாக எண்ணப்பட்டார்கள். வெள்ளையர்களோ 1.6 விழுக்காடு கூடுதலாக எண்ணப்பட்டார்கள். கோடை வாசத்துக்கு இரண்டாவது வீடு வைத்திருப்பவர் இரண்டு இடத்திலும் எண்ணப்பட வாய்ப்புண்டு. நெரிசலான குடியிருப்பில் இன்னொரு குடும்பத்தோடு ஒண்டியிருப்பவருக்கு ஓரிடத்திலும் பெயர் இருக்காது. கணக்கெடுப்புப் பிழை எல்லோர் மேலும் சமமாக விழுவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இந்தியாவிலும் கணக்கெடுப்புக்குப் பின் ஒரு மாதிரி ஆய்வு நடக்கிறது. 2011இல் ஆயிரத்துக்கு 23 பேர் விடுபட்டதாக அது சொன்னது. சின்ன எண்ணாகத் தோன்றும். 121 கோடி மக்களோடு பெருக்கிப் பாருங்கள். சுமார் 2.8 கோடி பேர். அந்த 2.8 கோடியில் எந்தெந்தச் சமூகத்தவர் எத்தனை பேர் என்பதே நாம் எழுப்ப வேண்டிய கேள்வி.

பிப்ரவரியில் ஊரில் இருப்பது யார்?

இப்போது காலண்டரைப் பார்ப்போம். ஆட்களை எண்ணும் மாதம் பிப்ரவரி. செங்கல் சூளைகள் முழு வேகத்தில் எரியும் மாதமும், கரும்பு வெட்டு நடக்கும் மாதமும் அதுதான். முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு சூளைக்குப் போன இருளர் குடும்பங்கள், மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்திலிருந்து கரும்பு வெட்டப் போனவர்கள், ஒடிசாவின் பலாங்கிரிலிருந்து திருவள்ளூர், காஞ்சிபுரம் சூளைகளுக்கு வந்த தலித், பழங்குடிக் குடும்பங்கள் எல்லோரும் அந்த மாதத்தில் சொந்த ஊரில் இருக்க மாட்டார்கள்.

2011இல் பின்பற்றிய விதி இது: எண்ணும் நாட்கள் முழுவதும் ஒருவர் ஊரில் இல்லையென்றால், அவரைச் சொந்த ஊரில் எழுதக் கூடாது. அவர் எங்கே இருக்கிறாரோ அங்கே எழுத வேண்டும். ஒருவர் இரண்டு இடத்தில் எண்ணப்படக் கூடாது என்பதற்கான நியாயமான விதிதான். ஆனால் அது சரியாக வேலை செய்ய வேண்டுமானால், அவர் போய்ச் சேர்ந்த இடம் வீட்டுப் பட்டியலில் இருக்க வேண்டும்.

சூளைக் குடிசை எப்படிப்பட்டது? அறுத்த கல்லை அடுக்கி, மேலே தகரமோ தார்ப்பாயோ போட்டு, குனிந்து நுழையும் அளவுக்கு எழுப்பியது. மழைக்கு முன் சூளை நின்றதும் குடும்பம் போய்விடும், குடிசையும் கலைந்துவிடும். ஏப்ரலுக்கும் செப்டம்பருக்கும் இடையில் எந்த 30 நாட்களில் பட்டியல் எடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அந்தக் குடிசை இருக்கும் அல்லது இருக்காது. இருந்தாலும் சூளை வளாகத்துக்குள் போக முதலாளியின் அனுமதி வேண்டும். மேஸ்திரி வாசலிலேயே நிறுத்தி 'இது தொழிற்கூடம், இங்கே குடியிருப்பு இல்லை' என்று சொன்னால் அதையே எழுதிக்கொண்டு திரும்புவது எளிது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. அதை மீறி ஆட்களை அடைத்து வைத்திருக்கும் முதலாளி, அரசின் பதிவேட்டில் அவர்கள் பெயர் ஏறுவதை விரும்பவா போகிறார்?

ஆக, சொந்த ஊரில் பூட்டிய வீடு, பிழைக்கப் போன இடத்தில் பட்டியலில் இல்லாத குடிசை. அந்தக் குடும்பம் இந்த நாட்டின் மக்கள்தொகையிலிருந்து வெளியே விழுந்துவிடுகிறது. கல்வராயன் மலையிலிருந்தும் ஜவ்வாது மலையிலிருந்தும் கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் தோட்ட வேலைக்குப் போகும் பழங்குடிகளுக்கும், கட்டட வேலை நடக்கும் இடத்திலேயே தகரக் கொட்டகையில் தங்கும் சித்தாள்களுக்கும் இதே ஆபத்து உண்டு.

துரத்தப்பட்டவர்களின் வீடுகள்

வேலைக்காகப் போனவர்கள் ஒருபுறம் இருக்க, உயிருக்குப் பயந்து போனவர்களும் இருக்கிறார்கள். ஹரியானாவின் மிர்ச்பூரில் 2010 ஏப்ரல் 21 அன்று ஜாட் சாதியினர் வால்மீகி மக்களின் வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். ஒரு முதியவரும் மாற்றுத்திறனாளியான அவர் மகளும் எரிந்து செத்தார்கள். 254 தலித் குடும்பங்கள் ஊரைவிட்டு ஓட வேண்டியிருந்ததை டெல்லி உயர் நீதிமன்றம் 2018 தீர்ப்பில் பதிவு செய்தது. பல குடும்பங்கள் ஹிசாரில் ஒரு பண்ணை நிலத்தில் கூடாரம் போட்டு ஆண்டுக்கணக்கில் கிடந்தன. வன்முறை நடந்தது வீட்டுப் பட்டியல் எடுத்த ஆண்டு. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் ஆட்களை எண்ணினார்கள்.

இப்படி விட்டுச் செல்லப்பட்ட ஒரு தெருவில் ஒரு கணக்கெடுப்பாளர் நின்றால், அவர் படிவத்தில் எழுதுவதற்கு ஒரே ஒரு சொல்தான் இருக்கிறது: காலி. விதிப்படி அது பிழையும் அல்ல. ஆனால் தூக்கி எறியப்பட்ட மனிதர்களின் வீட்டுக்கும், விலை ஏறட்டும் என்று ஒருவர் வாங்கிப் பூட்டி வைத்த பிளாட்டுக்கும் அந்தப் படிவத்தில் ஒரே குறியீடு என்பதைக் கவனியுங்கள்.

இரண்டரைக் கோடிக் காலி வீடுகளின் கதை

2011இல் நாட்டில் எண்ணப்பட்ட கட்டடப் பகுதிகள் சுமார் 33 கோடி. அவற்றில் 2.47 கோடி காலி என்று பதிவாயின. 2001இல் இந்த எண் 1.58 கோடியாக இருந்தது. 2011 எண்ணில் நகரங்களில் மட்டும் 1.1 கோடி. அதே காலத்தில், 2012இல், ஒன்றிய அரசு அமைத்த வல்லுநர் குழு நகர்ப்புற வீட்டுப் பற்றாக்குறையை 1.88 கோடி என்று மதிப்பிட்டது. அதில் 95 விழுக்காட்டுக்கும் மேல் நலிந்த, குறைந்த வருவாய்ப் பிரிவினருடையது. பெரும்பகுதி, தலைக்கு மேல் கூரை இருந்தும் ஒரே அறையில் நெருக்கியடித்து வாழ்பவர்களின் பற்றாக்குறை.

ஒரு கோடி வீடுகள் பூட்டிக் கிடக்க, இன்னொரு பக்கம் ஏறத்தாழ இரண்டு கோடிக் குடும்பங்களுக்குச் சரியான வீடில்லை. இந்த முரணை முதலாளித்துவத்தின் முகம் என்று நாம் மேடையில் சொல்கிறோம். சரிதான். ஆனால் அந்த 'காலி' என்ற எண்ணுக்குள் எத்தனை முதலீட்டு பிளாட்டுகள், எத்தனை சூளைக்குப் போனவர்களின் குடிசைகள், எத்தனை இடிந்து கிடக்கும் தொகுப்பு வீடுகள் என்று பிரிக்க வழியில்லாதவரை நம் வாதமும் பாதிக் காலில்தான் நிற்கும். 'வீடுகள் காலியாகத்தானே கிடக்கின்றன, பிறகு ஏன் புதிதாகக் கட்ட வேண்டும்?' என்று அதே எண்ணை எடுத்து அதிகாரிகளும் பேச முடியும்.

சென்னையின் ஆற்றங்கரைகளிலிருந்து அகற்றப்பட்டுக் கண்ணகி நகர், பெரும்பாக்கம் அடுக்குமாடிகளில் குடியேற்றப்பட்டவர்களை நினைத்துப் பாருங்கள். வேலை பழைய இடத்தில், வீடு நகரத்தின் விளிம்பில். விடியும் முன் கிளம்பி இரவில் திரும்புகிறவர்கள் உண்டு. வாரத்தில் சில நாட்கள் பழைய இடத்திலேயே உறவினர் வீட்டில் தங்கிவிடுபவர்கள் உண்டு. பகல் 11 மணிக்குப் போய்த் தட்டினால் அந்தக் கதவுகள் பூட்டியேதான் இருக்கும். அதைப் பார்த்துக் 'காலி' என்று எழுதினால், வேலைக்குப் போனதற்காக ஒரு குடும்பம் இல்லாமல் ஆக்கப்படுகிறது. இந்த மக்களை இவ்வளவு தொலைவுக்கு அனுப்பியது தவறு என்ற உண்மையும் 'அங்கே யாரும் வசிக்கவில்லை' என்ற எண்ணுக்குப் பின்னால் மறைந்துவிடும்.

எண்ணிக்கை போனால் எது போகும்?

எண்ணிக்கைக்காகச் சண்டை போடுவது நமக்குப் புதிதல்ல. 1932இல் லோத்தியன் தலைமையிலான வாக்குரிமைக் குழுவின் முன், தங்கள் மாகாணத்தில் தீண்டப்படாதோர் மிகக் குறைவு என்று சாதி இந்துக்கள் வாதிட்டார்கள். அதுவரை பெரிய எண்ணாக இருந்தவர்கள், அந்த எண்ணுக்கு அரசியல் பங்கு உண்டு என்றதும் திடீரென்று சுருங்கிப் போனார்கள். குழுவில் உறுப்பினராக இருந்த அம்பேத்கர் அதை எதிர்த்துத் தனிக் குறிப்பே எழுத வேண்டியிருந்தது. தலைகளைக் குறைத்துக் காட்டினால் உரிமையைக் குறைக்கலாம் என்பது அன்றே அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இன்றும் அந்தத் தொடர்பு அறுந்துவிடவில்லை. ஊராட்சியில் பட்டியல் சாதி, பழங்குடிகளுக்கு எத்தனை இடம் என்பதை அரசமைப்புச் சட்டத்தின் 243டி பிரிவு மக்கள்தொகை விகிதத்தோடு பிணைத்திருக்கிறது. மக்களவை, சட்டமன்றத் தனித் தொகுதிகளும் அப்படித்தான். பட்டியல் சாதி, பழங்குடி மேம்பாட்டுக்குத் திட்ட நிதியை மக்கள்தொகை விகிதத்தில் ஒதுக்க வேண்டும் என்று தமிழ்நாடு 2024இல் சட்டமே இயற்றியிருக்கிறது. 2011 கணக்குப்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20.01 விழுக்காடு, பழங்குடிகள் 1.1 விழுக்காடு. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ரேஷன் யாருக்கு, எத்தனை பேருக்கு என்பது இன்றுவரை அந்த 2011 எண்ணை வைத்தே தீர்மானிக்கப்படுகிறது.

மாநில அளவில் சில ஆயிரம் பேர் விடுபட்டால் விழுக்காட்டில் பெரிதாகத் தெரியாது. ஒரு சிற்றூராட்சியில் முப்பது குடும்பங்கள் விடுபட்டால் ஒரு வார்டு கைமாறலாம். தமிழ்நாட்டுப் பழங்குடிகளைப் போலச் சிறு எண்ணிக்கையில் சிதறி வாழ்பவர்களுக்கு, இருபது வீடுகள் பட்டியலில் இல்லை என்றால் ஒரு குடியிருப்பே இல்லை. சாலையும் தெருவிளக்கும் குடிநீர்க் குழாயும் அங்கே வராததற்கு 'அங்கே யாரும் இல்லையே' என்ற பதில் தயாராக இருக்கும்.

செயலி பார்த்துக்கொள்ளுமா?

இந்த முறை எல்லாம் டிஜிட்டல் என்று பெருமையாகச் சொல்கிறார்கள். கணக்கெடுப்பாளர் செல்பேசிச் செயலியில் பதிவார், கட்டடத்தின் இருப்பிடம் வரைபடத்தில் ஏறும், விரும்பியவர்கள் தாங்களே இணையத்தில் விவரங்களை நிரப்பலாம். காகிதப் பிழைகள் குறையும் என்பது உண்மை. ஆனால் கணக்கெடுப்பாளர் அந்த வாசலில் நின்றார் என்பதைத்தான் வரைபடம் காட்டும். கதவுக்குப் பின்னால் யார் வாழ்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது. தானே நிரப்பும் வசதி, ஸ்மார்ட்போனும் எழுத்தறிவும் ஓய்வும் உள்ளவர்களின் வீடுகளை முதலில் சரியாகப் பதியும். பூட்டிய குடிசைகள் கடைசி நாட்களின் அவசரத்துக்கு மிஞ்சும். கருவி மாறியிருக்கிறது, வாசலில் நின்று எடுக்கும் முடிவு மாறவில்லை.

இதையெல்லாம் சொல்வது களப்பணியாளர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக அல்ல. வெயிலில் அலைந்து, நாய்க்கடிக்கும் வசைக்கும் பயந்து, சொந்த வேலையையும் பார்த்துக்கொண்டு இதைச் செய்பவர்களில் பெரும்பாலோர் ஆசிரியர்களும் அங்கன்வாடி ஊழியர்களும்தான். அவர்களிலும் நம் தோழர்கள் இருக்கிறார்கள். ஒருவருக்கு ஒதுக்கும் வீடுகளைக் குறைத்தால், மாலையிலும் விடுமுறையிலும் போகும் நேரத்துக்குக் கூடுதல் ஊதியம் கொடுத்தால், மறுபடி மறுபடி போவது சாத்தியம். அதைச் செய்யாமல் நேர்மையை மட்டும் எதிர்பார்ப்பது நிர்வாகத்தின் பொறுப்பற்ற தனம்.

நாம் கேட்க வேண்டியதும் செய்ய வேண்டியதும்

அரசிடம் நாம் வைக்க வேண்டிய கோரிக்கைகள் தெளிவானவை. 'காலி' என்று குறித்த ஒவ்வொரு வீட்டையும் வேறொரு பணியாளர் வேறொரு நேரத்தில் போய்ச் சரிபார்க்க வேண்டும். மேற்பார்வையாளர்கள் காலனிகளிலும் மறுகுடியமர்வுக் குடியிருப்புகளிலும் இந்தச் சோதனையை முதலில் நடத்த வேண்டும். செங்கல் சூளை, அரிசி ஆலை, கட்டுமான இடம், கரும்புத் தோட்டம் ஆகியவற்றைத் தொழிலாளர் துறையின் உதவியோடு தனியே பட்டியலிட்டு, பிப்ரவரியில் அங்கே தனிக் குழுக்களை அனுப்ப வேண்டும். முதலாளியும் மேஸ்திரியும் சொல்வதை மட்டும் எழுதிக்கொண்டு வரக் கூடாது. வீடு ஏன் காலி என்பதற்கு ஒரு காரணக் குறியீடு வேண்டும். கணக்கெடுப்புக்குப் பிந்தைய ஆய்வு, விடுபட்டவர்களின் விகிதத்தைச் சாதிப் பிரிவு வாரியாக வெளியிட வேண்டும். அமெரிக்கா இனவாரியாக வெளியிட முடிகிறதென்றால் நம்மால் ஏன் முடியாது?

அரசு கேட்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இந்தப் பக்கத்தைப் படிக்கும் இளைஞர்கள் ஒவ்வொருவரும் தம் தெருவில் செய்யக்கூடிய வேலை இருக்கிறது. கணக்கெடுப்பாளர் வரும் நாட்களைக் கிராம நிர்வாக அலுவலரிடமோ நகராட்சி, மாநகராட்சி அலுவலகத்திலோ கேட்டு வையுங்கள். உங்கள் காலனியில் பூட்டிக் கிடக்கும் வீடுகளை முன்கூட்டியே ஒரு நோட்டில் எழுதுங்கள். யாருடைய வீடு, எத்தனை பேர், எங்கே போயிருக்கிறார்கள், எப்போது திரும்புவார்கள் என்று அந்தக் குடும்பத்தாரிடமே செல்பேசியில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கணக்கெடுப்பாளர் வரும்போது கூடவே நடங்கள். 'இது காலி இல்லை சார், குடியிருக்கிறாங்க, சாயங்காலம் ஏழு மணிக்கு வந்தா பார்க்கலாம்' என்று சொல்ல ஒருவர் இருந்தால் போதும், ஒரு குடும்பம் பட்டியலில் நிற்கும். சூளைக்குப் போன உறவினர்களிடம் பிப்ரவரியில் அங்கே யாராவது எழுதிக்கொண்டு போனார்களா என்று கேளுங்கள். போகவில்லை என்றால் அந்த மாவட்ட நிர்வாகத்துக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள்.

புறம்போக்கில் குடியிருப்பவர்கள், ஒதுக்கீட்டு வீட்டை உறவினருக்குக் கொடுத்தவர்கள், உள்வாடகைக்கு இருப்பவர்கள் 'பெயர் கொடுத்தால் காலி செய்யச் சொல்வார்களோ' என்று அஞ்சி ஒளிந்துகொள்வதும் உண்டு. பல முறை வெளியேற்றப்பட்டவர்களின் பயம் அது, அதை இகழ முடியாது. மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டம் 1948இன் 15ஆம் பிரிவுப்படி, இதில் தரும் தனிநபர் விவரங்களை வேறு யாரும் பார்க்கவோ நீதிமன்றத்தில் சான்றாகக் காட்டவோ முடியாது. இந்தச் செய்தியை வீடு வீடாகக் கொண்டுபோவதும் நம் வேலைதான்.

இரண்டாம் கட்டத்தில் சாதி கேட்கும் நாளில் வந்து நிற்கலாம் என்று நினைத்தால் அதற்குள் காலம் கடந்திருக்கும். எந்த வாசல்களில் அந்தக் கேள்வி கேட்கப்படும் என்பது வீட்டுப் பட்டியல் எடுக்கும் 30 நாட்களிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடும். உங்கள் தெருவில் அந்தப் பட்டியல் எடுக்கும் நாள் எது என்று இன்றே விசாரியுங்கள்.